ஜப்பான் வேகன் ஆர்: கொழும்புக்கு அளவான வண்டி, அளவில்லாத விலை

எந்த வேகன் ஆர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு வண்டிகள் கொழும்பில் ஓடுகின்றன. ஒன்று இந்தியாவில் மாருதி செய்வது, நீளமும் அகலமும் கூடியது, எஞ்சினும் பெரிது. நான் எழுதுவது சுசுகி ஜப்பானில் செய்து அங்கிருந்து வருகிற 660 சிசி வண்டியைப் பற்றி, அதிலும் 2017இல் வந்த எம்எச்55எஸ் மொடல், ஹைபிரிட் எஃப்எக்ஸ் ரகம். எங்கள் வீட்டில் நிற்பது 2018ஆம் ஆண்டு வண்டி. கொழும்புக்குள் ஓடுவதற்கு இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்குக் கார் சேல்களில் இதற்குக் கேட்கிற விலையைப் பெற்றோல் மிச்சத்தைக் காட்டி நியாயப்படுத்த முடியாது, அதைத்தான் ஆட்கள் காட்டுகிறார்கள்.

சரி, பெற்றோலில் இருந்தே தொடங்குவோம். வேகன் ஆர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் லீற்றருக்கு 25 ஓடுது என்பார்கள், எங்கே ஓடினது என்று கேட்டால் பேச்சு மாறும். சுசுகி இந்த மொடலுக்கு ஜேசி08 என்ற ஜப்பான் சோதனைப்படி கொடுத்த கணக்கு லீற்றருக்கு 33.4 கிலோமீட்டர். அந்தச் சோதனையில் வண்டியை உருளையின் மேல் ஏற்றி ஓட்டுவார்கள், ஏசி கிடையாது, சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீட்டர். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பம்பலப்பிட்டியில் இருந்து தெஹிவளை மேம்பாலம் வரை காலி வீதியில் போய்ப் பாருங்கள், 24ஐ எட்டினால் பெரிய காரியம், ஏசி இல்லாமல் அதில் இருக்கவும் ஏலாது. பின்னாட்களில் ஜப்பானில் கொஞ்சம் நேர்மையான டபிள்யூஎல்டிசி சோதனை வந்தபோது, இதற்கு அடுத்து வந்த புது எஞ்சின் வேகன் ஆர் ஹைபிரிட்டே 25.2 என்றுதான் காட்டியது. என்னுடைய வண்டி ஏசி போட்டுக் கொழும்புக்குள் 14இலிருந்து 16 வரை தருகிறது. ஞாயிறு காலையில் வீதி வெறுமையாக இருந்தால் அதற்கு மேலும் போகும். யாழ்ப்பாணம் போகும்போது புத்தளம், அனுராதபுரம் பாதையில் 70, 80க்குள் பிடித்துக்கொண்டு போனால் 20ஐத் தாண்டும். கெட்ட கணக்கே இல்லை, 25 என்று கதை விடாமல் இருந்தால் சரி.

இன்னொன்று, இது டொயோட்டா அக்வா மாதிரி ஹைபிரிட் கிடையாது. அக்வாவில் மோட்டார் தனியாகவே காரை இழுத்துக்கொண்டு போகும். இதில் இருப்பது பெல்ட்டில் சுற்றுகிற ஐஎஸ்ஜி என்ற சின்ன மோட்டார், அதன் வலு மூன்று குதிரைவலுவுக்குக் கொஞ்சம் மேலே. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சேர்த்து முன் இடது சீற்றுக்கு அடியில் இருக்கிற லித்தியம் பற்றரியில் வைக்கும், காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது எஞ்சினுக்குக் கைகொடுக்கும். நின்று கிளம்பும்போது மோட்டாரிலேயே பத்து விநாடி வரை ஊரும், அவ்வளவுதான். கேட்டால் பெரிதாகத் தெரியாது, ஆனால் காலி வீதியில் நாம் செய்வதே ஊர்வதுதான். வேகம் 13க்குக் கீழே வந்ததும் எஞ்சின் தானாக நிற்கும், பிரேக்கை விட்டதும் ஸ்டார்ட்டர் சத்தமே இல்லாமல் கிளம்பும். பழைய ஸ்டொப் ஸ்டார்ட் வண்டிகளில் சிக்னலுக்குச் சிக்னல் ஒரு குலுக்கல் வருமே, அது இதில் இல்லை.

எனக்கு இந்த வண்டியில் ஆகப் பிடித்த விஷயம், விற்கிறவர்கள் ஒருவரும் சொல்லாத விஷயம், ஏசிக்குள் இருக்கும் எக்கோ கூல். எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும் இல்லையா, அந்த நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு பொருளைக் காற்றைக் குளிர வைக்கிற எவாப்பரேட்டரில் வைத்திருக்கிறார்கள், அதன் மேலால் காற்று வருவதால் சிக்னலில் நிற்கும்போது உடனே வியர்க்காது. ஏப்ரல் வெயிலில் மருதானைச் சந்தியில் ஒரு நிமிடத்துக்குள் அதுவும் தோற்றுப்போய் எஞ்சின் திரும்பக் கிளம்பிவிடும் என்பது வேறு கதை. ஜப்பான்காரன் ஜப்பான் வெயிலுக்குச் செய்தது.

அளவு. ஜப்பானில் கெய் என்று ஒரு வகுப்பு உண்டு, 660 சிசி, நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், இதற்குள் அடங்கினால் அங்கே வரியில் சலுகை. அந்தச் சட்டத்துக்காக ஒடுக்கிச் செய்த பெட்டி, வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு இறங்குகிற ஒழுங்கைகளுக்கென்றே செய்தது போல் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் வண்டி நிற்கும் ஒழுங்கையில் எதிரே ஓட்டோ வந்தாலும் கண்ணாடியை மடிக்காமல் போகலாம். அபார்ட்மெண்ட் கார் பார்க்கில் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டுவிட்டுக் கதவையும் முழுதாகத் திறக்கலாம். செட்டியார் தெருப் பக்கம் நகைக்கடைக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். உள்ளே நல்ல உயரம், சேலை கட்டிய அம்மா குனியாமல் ஏறுகிறார், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின் சீற்று இரண்டும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகரும். பின் கதவுகளில் குடை வைக்க ஒரு துளை உண்டு, நனைந்த குடையின் தண்ணீர் அதன் வழியே வெளியே வடிந்துவிடும், கொழும்பு மழையில் இதை நினைத்து நினைத்து நன்றி சொல்லியிருக்கிறேன்.

குறைக்கு வருவோம். நாலு பேர் வண்டி, பின்னால் பெல்ட் இரண்டுதான். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சரிவராது, மடியில் வைத்துக்கொள்வோம் என்பது பதில் இல்லை. 52 குதிரைவலு எஞ்சின், கொழும்பில் போதும், நாலு பெரியவர்களும் நல்லூர்த் திருவிழாவுக்கான பெட்டிகளுமாக ஏ9இல் லொறியை முந்த வேண்டும் என்றால் எதிரே நல்ல தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் அந்தச் சின்ன மோட்டாரின் உதவி தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும், மிச்சத்துக்கு எஞ்சின் கத்திக் கத்தித்தான் ஏறும், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் வேறு வண்டி பாருங்கள். தெற்கு அதிவேகப் பாதையில் 100 போகும், ஆனால் உயரமான பெட்டி, 155 அளவு ஒல்லி டயர், பக்கக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். நான் அதில் 80க்கு மேல் போவதில்லை, போகவும் ஆசை இல்லை.

இப்போது விலைக் கதை. 2015 தொடக்கத்தில் இடைக்கால பட்ஜெட்டில் ஆயிரம் சிசிக்குக் குறைந்த வண்டிகளுக்கு வரி குறைந்தது, அன்றைக்குத்தான் கொழும்பு வேகன் ஆரால் நிறைந்தது. அப்புறம் வரியே சிசியைப் பார்த்துக் கணக்கிடும் முறைக்குப் போனதால் 660 என்ற எண்ணுக்கு மதிப்பு ஏறியது. 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் எகிறி, பெற்றோல் வரிசையில் ஆட்கள் இரவு பகலாகக் கிடந்து, ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்கு வந்து, ஓகஸ்டில் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெற்றோலைப் பங்கிடுகிற கியூஆர் முறை நாடு முழுக்க வந்ததே, அங்கேதான் வேகன் ஆர் ராஜாவானது. காருக்கு வாரம் 20 லீற்றர், லேண்ட் குரூசருக்கும் அதே 20, இதற்கும் அதே 20. இதன் டாங்கி மொத்தமே 27 லீற்றர். 20 லீற்றரில் நான் வாரம் 300 கிலோமீட்டர் ஓடுவேன், மேல் மாடி அங்கிளின் ஜீப் வெள்ளிக்கிழமையே படுத்துவிடும். அந்தப் பயம் சந்தையின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. கியூஆர் 2023 செப்டம்பரில் போய்விட்டது, தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது, ஆனால் புதிதாக வருகிறவைக்கும் வரி மேல் வரி, அதனால் பழைய வண்டியின் விலை இறங்கவே மறுக்கிறது.

இதில் பெற்றோல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், லீற்றர் 300 ரூபாய் என்று வைப்போம். வேகன் ஆர் 15 ஓடினால் ஏறத்தாழ 67 லீற்றர். ஆயிரம் சிசி பழைய டொயோட்டா விட்ஸ் 12 ஓடினால் ஏறத்தாழ 83 லீற்றர். வித்தியாசம் மாதம் 5000 ரூபாய், வருடம் 60,000. இந்த மிச்சத்துக்காகப் பத்து லட்சம் கூடக் கொடுத்து வேகன் ஆர் எடுத்தால், அந்தப் பத்து லட்சம் திரும்பி வர 16 வருடத்துக்கு மேல் ஆகும், லீசிங் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. மாதம் 400, 500 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வீட்டுக்காரர்கள்தான் பெற்றோல் பெற்றோல் என்று அதிகம் பேசுகிறார்கள், அது ஏனோ தெரியவில்லை.

உண்மையில் அவர்கள் வாங்குவது திரும்ப விற்கிற நிம்மதியை. என் மாமா, கார் விஷயத்தில் குடும்பத்துக்கே அவர்தான் நீதிபதி, எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "தம்பி, மார்க்கெட் இருக்கா?" பிரெஞ்சு வண்டி எவ்வளவு சொகுசாக இருந்தாலும் அவருக்கு அது வண்டியே இல்லை. டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார், பஞ்சிகாவத்தையில் எந்தச் சாமானும் கிடைக்கும் என்பது அவர் நியாயம், அதில் பொய் இல்லை. ஹொண்டா என்றால் முகம் சுளிப்பார். ஃபிட், வெசல் ஹைபிரிட்களின் ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி காரணமாக ஹொண்டா ஜப்பானிலேயே திரும்பத் திரும்ப வண்டிகளை அழைத்து, 2014இல் நிறுவனத் தலைவரே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டது அவருக்கு மனப்பாடம். ஆனாலும் வெசலுக்கு இன்றைக்கும் ஆள் வரிசையில் நிற்கிறது, வடிவுக்கு முன்னால் கியர் பெட்டி எடுபடவில்லை. நிசானின் மின்சாரக் கார் லீஃப் கதை இன்னும் மோசம், குறைந்த வரியில் கூட்டமாக வந்தது, பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாத முதல் தலைமுறை, நம் வெயிலில் ஓடுகிற தூரம் வருடத்துக்கு வருடம் சுருங்கியது. இப்போது சீனாவின் பிவைடி வீதிக்கு வீதி தெரிகிறது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன், மாமா சொல்லிவிட்டார்.

அக்வாவா வேகன் ஆரா என்று கேட்பவர்களுக்கு: சிக்கனம் மட்டும்தான் வேண்டும் என்றால் அக்வா, நகருக்குள் அதுதான் வெல்லும், நெடுந்தூரத்துக்கும் அதுதான் வண்டி. ஆனால் 2012, 2013 அக்வாக்களின் பெரிய பற்றரிக்கு இப்போது வயதாகிவிட்டது, மாற்றுகிற செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டு எடுங்கள். வேகன் ஆரின் பற்றரி சின்னது, அது களைத்துப்போனாலும் எஞ்சின் இழுக்கும், அந்த வகையில் தலையிடி குறைவு. இரண்டு பேர் வேலைக்குப் போகிற, ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள, கொழும்பை விட்டு வருடத்துக்கு ஓரிரு தடவை மட்டும் வெளியே போகிற வீட்டுக்கு நான் வேகன் ஆர்தான் சொல்வேன், விலையைக் குறைத்துப் பேச முடிந்தால்.

எடுக்கும்போது ஜப்பான் ஓக்‌ஷன் ஷீட்டை, அதாவது அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிக் கொடுக்கிற கடதாசியை, சேஸி நம்பரோடு நீங்களே சரிபாருங்கள், கடைக்காரர் காட்டுகிற கடதாசியை நம்ப வேண்டாம், மீற்றர் குறைத்த வண்டிகள் நிறைய. முன் இடது சீற்றுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே துரு தெரியும், பற்றரியும் அங்கேதான் இருக்கிறது. சிவிடி என்கிற கியர் பெட்டியின் ஒயில் மாற்றினார்களா என்று கேளுங்கள், கேட்டதும் முழிப்பார்கள். அப்புறம் மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போய், நடுப்பகலில், ஏசியைப் போட்டு, சிக்னல்களில் எஞ்சின் நின்று நின்று கிளம்புகிறதா என்று ஓடிப் பாருங்கள். "ஸ்டொப் ஸ்டார்ட் சுவிட்ச் வேலை செய்யாது, அதை நாங்கள் ஓஃப் பண்ணித்தான் வைத்திருக்கிறோம்" என்று சொல்கிற கார் சேலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.