கண்ணாடி விரியன் கடியும் குழிவிரியன் கடியும்

கண்ணாடி விரியன் கடித்தால் பெரும்பாலும் ஆபத்து சீக்கிரமே தெரிந்துவிடும். கடிவாய் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள மேடுமூக்குக் குழிவிரியன் அப்படியில்லை. அரை மீட்டருக்கு மேல் வளர்வது அபூர்வம். சருகுக்குள் சருகாகக் கிடந்து, தோட்டத்தில் வேலை செய்பவரின் விரலையோ பாதத்தையோ கடிக்கும். பலருக்கு வலி, வீக்கம், கொப்புளம், அத்தோடு சரி. சிலருக்குக் கடித்த இடம் அழுகும். இன்னும் சிலருக்கு ரத்தம் உறையாமல் போய், சிறுநீரகமும் செயலிழக்கும். உயிர் போனதும் உண்டு.

இந்தியாவில் கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளுக்கானது. குழிவிரியன் விஷத்தை அது முறிக்காது. இந்தப் பாம்பைச் சுருட்டை விரியன் என்று தவறாக நினைத்து பாட்டில் பாட்டிலாக ஏற்றுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பலன் இல்லை, கடுமையான ஒவ்வாமை வேறு வரலாம். இங்கே கைகொடுப்பது தொடர்ந்த கண்காணிப்பும், தேவைப்பட்டால் டயாலிசிஸும்தான்.