வள்ளப் பட்டறையில் செய்த ராக்கெட் உடல்

குமரி மாவட்டத்தின் நீரோடியைத் தாண்டிப் பொழியூர்ப் பக்கம் போகும் கடற்கரைச் சாலையில், ஃபைபர் வள்ளங்களைக் கட்டியும் பழுதுபார்த்தும் கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில், போட்டிக்குப் போகும் எங்கள் கல்லூரி மாணவர்களின் ராக்கெட்டுக்கு உடற்குழாயும் மூக்குக் கூம்பும் வால் சிறகுகளும் செய்து வாங்கினோம். உள்ளே ஜி.பி.எஸ். கருவி இருப்பதால் அதன் அலைகளைத் தடுக்கும் கார்பன் இழை உதவாது. கண்ணாடி இழைதான் வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் எங்கள் கரையில் வள்ளப் பட்டறைகளில்தான் இருக்கின்றன.

மேஸ்திரி முதலில் காட்டியது வழக்கமான பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் (நெய்யாத விரிப்பு). "வள்ளத்துக்குன்னா இது மதி சாரே, மேல போறதுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். வள்ளத்துக்குக் கனம் பலம். ராக்கெட்டுக்கோ ஒவ்வொரு கிராமும் உயரத்தைத் தின்னும். ஆகவே எபாக்சி ரெசினையும் நெய்த கண்ணாடித் துணியையும் நாங்களே கொடுத்தோம். அவர் பி.வி.சி. குழாய்மேல் மைலார் தாளைச் சுற்றி, மெழுகு தடவி, பத்துச் சுற்றுத் துணியை இழுத்துச் சுற்றி, மிகுந்த ரெசினை ரோலரால் வழித்தெடுத்தார். உள்விட்டம் 100 மி.மீ., சுவர் ஏறக்குறைய 2 மி.மீ.; அச்சிலிருந்து உருவியபோது குழாயில் கோணலே இல்லை.

குறை சிறகு ஒட்டியதில்தான். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அழுக்கு போகாது, பரவத்தான் செய்யும். பட்டறையில் அப்படியே தேய்த்து ஒட்டிவிட்டதால், ஒரு சிறகு என் கையோடு வந்துவிட்டது. சிறகைச் செருக வெட்டிய பிளவுகளும் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலம். மேஸ்திரி முகம் சுளிக்காமல் கழுவித் தேய்த்து, சிறகின் அடி உள்ளேயிருக்கும் மோட்டார் குழாயைத் தொடுமாறு இறக்கி, இருபுறமும் கெட்டியாகப் பூசி மறுபடி ஒட்டினார். அதற்குக் கூலியும் வாங்கவில்லை.

மோட்டார் கே வகை, அதாவது மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது) 1,280 நியூட்டன் வினாடிக்கு மேல். அதைப் போட்டி நடத்தியவர்களே உரிமத்தோடு கொண்டுவந்து பொருத்தினார்கள். மோட்டாரோடு 8 கிலோ எடையுள்ள ராக்கெட் 1,080 மீட்டர் ஏறியதாக உயரமானி காட்டியது. உச்சியில் சிறு பாராசூட்டும் 200 மீட்டரில் பெரிய பாராசூட்டும் விரிந்தன. சிறகு முதலில் தரையில் மோதியும் ஒட்டில் கீறல் விழவில்லை.

திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1967 நவம்பர் 20 அன்று ஏவிய இந்தியாவின் முதல் ரோகிணி ராக்கெட் 75 மி.மீ. விட்டம்தான் என்று சொன்னபோது, "அப்போ நம்மோடது பெருசு!" என்று மேஸ்திரி சிரித்தார். அது உண்மையான ஆய்வு ராக்கெட், இது மாணவர் முயற்சி என்பதை நான் விளக்கப் போகவில்லை.

கூலி 9,500 ரூபாய், மூன்று வாரம். சொன்ன நாளைவிட ஐந்து நாள் பிந்தியது. கேரளக் கரையில் இழுவலைத் தடை இருக்கும் ஜூன், ஜூலையில் பழுதுவேலை குவிந்துகிடக்கும். ஈரக்காற்றும் எபாக்சிக்கு ஆகாது. நாங்கள் போனது அந்த மாதங்களில்தான். நீங்கள் ஜனவரியில் போங்கள்.