கையில் நாலு மாதக் காசு: ஓசூர் கம்பெனி முதலில் யாரிடம் கேட்பது?

ஓசூர் சிப்காட்டில், பட்டறைகளின் சி.என்.சி. மெஷின்களில் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்கள்) சென்சார் மாட்டி, எந்த மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று போனில் காட்டும் ஒரு சின்ன கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 8 பேர் வேலை பார்க்கிறார்கள். மாதச் செலவு 4 லட்சம், பேங்கில் 16 லட்சம். புது வரவு எதுவும் இல்லாவிட்டால் நாலு மாதம்தான். தாங்குமா என்ற பயம் வருவது நியாயம்.

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெங்களூரு முதலீட்டாளர். அத்திப்பள்ளி தாண்டினால் போதும், மொத்தமே 40 கிலோமீட்டர். 50 லட்சம் கிடைத்தால் ஒரு வருடம் ஓட்டலாம். வட்டி இல்லை, தவணை இல்லை. புதுக் கம்பெனி வாங்கும் முதலீட்டின் மேல் விழுந்த ஏஞ்சல் வரியையும் 2024 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். ஆனால் முதல் பேச்சிலிருந்து பணம் கணக்கில் ஏறும்வரை சில மாதங்கள் சாதாரணமாகப் போய்விடும். கணக்கைத் துருவுவார்கள், மதிப்பு பேசுவார்கள், ஒப்பந்தம் வக்கீல்களுக்கு நடுவே அலையும். நாலு மாதக் காசோடு போய் உட்கார்ந்தால் அந்த அவசரம் எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. 10 சதவீதப் பங்கில் முடிய வேண்டிய பேச்சு 20 வரை போகும், மறுக்கத் தெம்பு இருக்காது.

புதுக் கம்பெனிகளுக்குத் தொடக்கப் பணம் தரும் தமிழ்நாடு அரசின் டான்சீட் நல்ல திட்டம். 10 லட்சம் தந்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். அழைப்பு வரும்போது கட்டாயம் விண்ணப்பியுங்கள். அதை நம்பி மட்டும் அடுத்த மாதச் சம்பளத்தைத் திட்டமிடாதீர்கள்.

பேங்க் கடனுக்கு அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, அடமானம் இல்லாமல் வாங்க வழி உண்டு. ஆனால் வசூல் ஒழுங்காக வராத கம்பெனிக்கு மாதத் தவணை பெரிய பாரம். அப்பா பேரில் உள்ள வீட்டுப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மிச்சம் இருப்பது வாடிக்கையாளர். என் ஓட்டு இங்கேதான். அந்தக் கம்பெனிக்குப் பட்டறைகளிடமிருந்து 7 லட்சம் பாக்கி என்று வையுங்கள். பில் போட்டால் அடுத்த மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும், காசு வந்தாலும் வராவிட்டாலும். ஒரு லட்சம் பில்லுக்கு 18 ஆயிரம் சொந்தக் கையிலிருந்து போகிறது. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால் 2006 சிறுதொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைச் சொல்லிப் பட்டறை முதலாளியிடம் சண்டை போட்டால் ஆர்டர் போய்விடும். அதற்குப் பதில், கணக்கு வருடம் முடியும் மார்ச்சின் முதல் வாரத்தில் அவருடைய அக்கவுண்டன்ட்டிடம் பேசுங்கள். கெடு தாண்டிய பில்லைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் அட்வான்ஸ். ஒரு மெஷினுக்கு மாதம் 600 ரூபாய், பட்டறையில் 20 மெஷின் என்றால் வருடத்துக்கு 1,44,000. "பத்து மாதக் காசை இப்போதே கொடுங்கண்ணே, பன்னிரண்டு மாதம் ஓடட்டும்" என்று கேளுங்கள். 1,20,000 வரும். ஐந்து பட்டறை ஒத்துக்கொண்டால் 6 லட்சம். அட்வான்ஸுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, மறக்க வேண்டாம்.

இதிலும் சிக்கல் இருக்கிறது. வண்டி விற்பனை படுத்தால் உதிரிபாகப் பட்டறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கையை மடக்கும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தன் வசதிக்கே எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். ஆனாலும் பாக்கியும் அட்வான்ஸுமாக 13 லட்சம் வந்தால் மூன்று மாதம் கூடுகிறது, பங்கு ஒரு சதவீதம்கூடப் போகவில்லை. ஏழு மாதக் காசோடு பெங்களூருக்குப் போகிறவர் பேசும் விதமே வேறு.

ஒரே விதிவிலக்கு: ஆர்டர் வருவதற்கு முன்பே பாகம் வார்க்கும் அச்சுக்கும் சர்க்யூட் போர்டுக்கும் பெரிய தொகை போட வேண்டிய பொருள் என்றால் பட்டறை அட்வான்ஸ் பத்தாது. அங்கே முதலீட்டாளர்தான் வழி. கையில் எட்டு மாதக் காசு இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.