போக்குவரத்து பில் கணக்காய்வு என்று சொல்லி 188,800 ரூபாவைக் கொண்டு போய்விட்டார்கள். வன்னியில் தொழில் செய்பவர்கள் கவனம்!

நேற்றுப் பின்னேரம் அவர்களுக்குக் கடைசித் தடவையாகப் போன் எடுத்தேன். மணி அடித்தது, வெட்டினார்கள், பிறகு நம்பரே வேலை செய்யவில்லை. 188,800 ரூபா. இனி அந்தக் காசு வராது. இரவு நித்திரையும் இல்லை, அதனால் இப்பவே எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கம் சிறு தொழில் வைத்துக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சாமான் அனுப்புகிற எல்லாரும் தயவுசெய்து வாசியுங்கள்.

நாங்கள் பரந்தனுக்குக் கிட்ட முருங்கை இலைத் தூள், ஒடியல் மா, மிளகாய்த் தூள் செய்கிறோம். ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். ஏ9 வீதியால் லொறியில் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு ஏஜென்சி மூலம் விமானத்தில் லண்டனுக்குப் போகும். மாதக் கடைசியில் அனுப்புகூலியைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும். 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது ஏறிய கூலி, டீசல் இறங்கின பிறகும் அதே அளவுக்கு இறங்கவில்லை. இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்டேன். உங்கள் போக்குவரத்து பில்களைக் கணக்காய்வு செய்து, கூடக் கட்டிய காசை மீட்டுத் தருவோம், மீட்டால் மட்டும் 30 வீதம் தந்தால் போதும் என்று போட்டிருந்தார்கள்.

இப்படியொரு வேலை உண்மையிலேயே இருக்கிறது. பெரிய கொம்பனிகள் செய்விப்பார்கள். ஒவ்வொரு பில்லையும் பேசிய கூலியோடும் ஏற்றிய நிறையோடும் வைத்துப் பார்ப்பது, ஒரே பில் இரண்டு தரம் வந்திருக்கிறதா, எரிபொருளுக்கென்று கூட்டியது சரியா, துறைமுகத்தில் தாமதக் கட்டணம் யாருடைய பிழையால் விழுந்தது என்று தேடுவது, பிறகு அதே பாதையில் அதே அளவு சாமானுக்குச் சந்தையில் என்ன கூலி என்று ஒப்பிடுவது. இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்ததால்தான் நம்பினேன்.

அவர்களிடமிருந்து வந்தவர் நல்ல உடுப்பு, நல்ல தமிழ். கொட்டிலுக்குள் வந்து வேலை செய்கிற பிள்ளைகளோடு கதைத்தார், பிளேன்ரீ குடித்தார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, கட்டி வைத்திருந்த முருங்கைத் தூள் பெட்டி ஒன்றைத் தானே அளந்தார். நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 40, உயரம் 40. எங்கள் தராசில் தூக்கி வைத்தார். 11 கிலோ. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். இத்தனை வருசத்தில் எங்கள் பெட்டியை ஒருத்தரும் அப்படிக் குனிந்து அளந்து பார்த்ததில்லை. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, உங்களை நல்லா ஏமாத்தியிருக்கிறாங்கள்" என்றார். பதினான்கு மாத பில் கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.

பத்து நாளில் நிறப் படங்களோடு அறிக்கை வந்தது. 412,000 ரூபா திரும்ப எடுக்கலாமாம். ஆனால் எங்கள் பெயரில் கோவை (ஃபைல்) திறக்க முன்பணம் 160,000, அதற்கு 18 வீத வற் வரி 28,800. மொத்தம் 188,800 ரூபா. மீட்டால் மட்டும்தானே காசு என்றீர்கள் என்று கேட்டேன். "அது எங்கட பங்கு அக்கா, இது செலவுக்கு, பிறகு கழிச்சு விடுவம்" என்றார். பொதி ஒட்டுகிற மெசின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசை அன்றைக்கே வங்கியில் போட்டேன்.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு கொழும்பு ஏஜென்சிக்குப் போன் எடுத்துக் கத்தினேன். 11 கிலோப் பெட்டிக்கு 16 கிலோ போட்டு எங்களைக் கொள்ளையடிக்கிறீர்கள் என்று கத்தினேன். அங்கே போனில் கதைத்த பிள்ளை பொறுமையாக, "கல்குலேற்றரை எடுங்க மேடம்" என்றது. 60ஐ 40ஆல், திரும்ப 40ஆல் பெருக்கினால் 96,000. அதை 6,000ஆல் பிரித்தால் 16. விமானச் சரக்கில் பெட்டி பிடிக்கிற இடத்தை இப்படி நிறையாக்கி, உண்மை நிறையையும் இதையும் பார்த்து எது கூடவோ அதற்குத்தான் கூலி. கூரியரில் அனேகமாக 5,000ஆல் பிரிப்பார்கள், அப்போது அதே பெட்டி 19.2 கிலோ. உலகம் முழுக்க இதுதான் கணக்கு. நாடாவைப் பிடித்து அளந்த மனிதனுக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டுதான் அந்த ஐந்து கிலோவை எல்லாப் பெட்டிக்கும் பெருக்கி எனக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்.

லொறிக் கூலி ஒப்பீடும் அப்படித்தான். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் ஏற்ற லொறிகள் எல்லாம் ஓடும், அந்த நேரம் லொறி பிடிப்பதே பாடு, கூலி ஏறும். மற்ற மாதங்களில் வடக்கே சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற லொறியில் குறைத்துப் பேசலாம். அவர்கள் பங்குனியில் நாங்கள் கொடுத்த கூலியை ஆவணி மாத வெறும் லொறிக் கூலியோடு ஒப்பிட்டு, மிச்சத்தை ‘மோசடி’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை நம்பி எங்கள் லொறிக்கார அண்ணையிடமும் வார்த்தையை விட்டுவிட்டேன். 2022இல் டீசல் வரிசையில் இரண்டு நாள் கிடந்து எங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிசன். ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். 188,800 ரூபாவை விட அது எனக்கு நெஞ்சில் கிடக்கிறது.

காசைத் திருப்பிக் கேட்டால் முதல் கிழமை "சேர் வெளிநாட்டில்". அடுத்த கிழமை "சிஸ்டம் மாத்துறம் அக்கா". பிறகு, பில்லுக்கு ஆட்சேபம் சொல்கிற காலம் முடிந்துவிட்டது, பிழை உங்களில்தான் என்றார்கள். கடைசியில் ஒரு பெண் குரல், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவைப் பாருங்கள், முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றது. ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் அடித்த ஆறு பக்கம். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். 28,800 ரூபா வற் எடுத்த பில்லைத் திரும்பப் பார்த்தால், வற் பதிவு இலக்கமே இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. போன கிழமை முன்பின் தெரியாத ஒரு சரக்கு முகவர் எனக்குப் போன் எடுத்து, லண்டனில் எங்களிடம் வாங்குகிறவரின் பெயரைச் சொல்லி, நாங்கள் கொடுக்கிற கூலியையும் சரியாகச் சொன்னார். எங்கள் பில் கட்டு எங்கே போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் இருந்தேன், இப்போது தலை ஓடவில்லை. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வற் எடுத்தால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பில் கொடுப்பதென்றால் வாங்குகிறவரின் பெயரை அழித்துவிட்டுப் பிரதி மட்டும் கொடுங்கள். ஒப்பீடு காட்டினால் எந்தப் பாதை, எந்த மாதம், எத்தனை கிலோ என்று கேளுங்கள். கையெழுத்துக்கு முன் யாரையாவது கொண்டு தமிழில் வாசிப்பியுங்கள்.

என் தங்கையின் மகள் உயர்தரம் படிக்கிறாள். இரண்டு இரவு இருந்து அதே பதினான்கு மாத பில்லையும் பார்த்து, ஒரு அனுப்புதலில் ஆவணக் கட்டணம் 6,500 ரூபா இரண்டு தரம் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். ஏஜென்சி அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டுத் திருப்பிப் போட்டது. பத்து நாள் பார்த்தோம் என்றவர்களின் அறிக்கையில் அது இல்லை.

புதுக்குடியிருப்பில் ஒரு அரிசி ஆலைக்கும் இதே அளவு நாடாவோடு ஒருவர் வந்து போயிருக்கிறாராம். அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.