ஆறு வருடத்துக்கு முன் திறந்த ரோடினால் பாட்டில்

மாதத்துக்கு ஒரு ரோல் ஃபிலிம் எடுத்தால் எனக்கு அது நல்ல மாதம். சில சமயம் இரண்டு மூன்று மாதம் கேமரா பையிலேயே கிடக்கும். அதனால் டெவலப்பர், அதாவது ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் ரசாயனம், வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது கிரெயின் (படத்தில் தெரியும் புள்ளிகள்) எவ்வளவு பொடியாக விழும் என்பதை அல்ல, மூடியைத் திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான். அந்த வகையில் எனக்கு அமைந்த மிக நல்ல டெவலப்பர் ரோடினால். இப்போது கையில் இருக்கும் அரை லிட்டர் பாட்டிலைத் திறந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம்கூட அதில் ஒரு ரோல் கழுவினேன்.

இப்படி ஆயுளைப் பார்த்து வாங்கும் பழக்கம் ஒரு ரோலைப் பறிகொடுத்த பிறகு வந்தது. என் பாட்டி தையல் மெஷினில் உட்கார்ந்து துணி தைப்பதை 36 படமும் எடுத்திருந்தேன். அப்போது வைத்திருந்தது வைட்டமின் சி சேர்ந்த ஒரு பவுடர் டெவலப்பர். அருமையான டெவலப்பர்தான், கிரெயினும் மென்மையாக வரும். ஆனால் கரைத்து ஐந்து மாதமாகி, பாட்டிலில் பாதிதான் இருந்தது. பார்க்கத் தெளிவாக, தண்ணீர் மாதிரியே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. எல்லாம் முடித்து ரீலிலிருந்து ஃபிலிமை உருவினால், முழு நீளத்துக்கும் வெறும் கண்ணாடி மாதிரி வந்தது.

முதலில் ஷட்டர் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் ஃபிலிமின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே எண்ணும் எழுத்தும் எதுவுமே இல்லை. தயாரிக்கும் இடத்திலேயே வெளிச்சம் காட்டிப் பதித்து அனுப்புகிற எழுத்து அது. நம் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. படங்கள் இல்லாமல் ஓர எழுத்து மட்டும் இருந்தால் கேமராவைச் சந்தேகிக்கலாம். எழுத்தும் சேர்ந்து காணாமல் போனால் டெவலப்பர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். பாட்டி மறுபடியும் மெஷினில் உட்கார்ந்தார். ஆனால் அன்றைக்கு ஊசி மேல் விழுந்த வெயில் மறுபடி கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

வைட்டமின் சி வகையில் கவனிக்க வேண்டியது இதுதான். மெல்ல மெல்லப் பலம் குறைந்து எச்சரிக்கை கொடுக்காமல், நன்றாக இருந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் சட்டென்று படுத்துவிடும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் துளி இரும்பு கலந்திருந்தாலும் சீக்கிரம் கெடும் என்பதால் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைப்பது நல்லது. வாரம் இரண்டு மூன்று ரோல் கழுவுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ரோடினால் இதற்கு நேர் எதிர். 1891-ல் காப்புரிமை பெற்ற சரக்கு, இன்றைக்கும் வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது. பாராஅமினோஃபீனால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சல்ஃபைட் சேர்ந்த அடர்த்தியான திரவம். பாட்டிலுக்குள் புகும் ஆக்சிஜனோடு முதலில் சல்ஃபைட்தான் மல்லுக்கட்டும். அடர்கரைசலில் அது நிறைய இருப்பதால் டெவலப்பர் பிழைத்துக்கொள்கிறது. வாங்கியபோது என் பாட்டிலில் இளம் தேநீர் நிறம். இப்போது கடுங்காப்பி. அடியில் கொஞ்சம் படிகமும் படிந்திருக்கிறது. இரண்டைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். வேறு டெவலப்பர் இந்த நிறத்துக்கு வந்தால் நானே கொட்டிவிடுவேன். ரோடினாலுக்கு மட்டும் அது வயதின் நிறம், அவ்வளவுதான்.

நான் 1+50, அதாவது ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர், கலக்குகிறேன். ஃபிலிமைக் கழுவும் என் டேங்குக்கு 300 மில்லி வேண்டும், அதில் ரோடினால் ஆறு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. அளவுக் குவளை இதற்குச் சரிப்படாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வரும். நல்ல காரம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: நீண்ட ஆயுள் எல்லாம் பாட்டிலில் இருக்கும் அடர்கரைசலுக்குத்தான். தண்ணீர் கலந்துவிட்டால் உடனே கழுவி, முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. கிரெயினைக் கரைத்து மழுப்பாது, உள்ளபடியே கூர்மையாகக் காட்டும். 100 வேக (ஐ.எஸ்.ஓ.) ஃபிலிமில் அது அழகு. 400-ல் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு முகங்களில் அவ்வளவாகப் பிடிக்காது. நிழல் பகுதியிலும் கொஞ்சம் வேகம் குறையும், புஷ் செய்ய, அதாவது ஃபிலிமை அதன் வேகத்துக்கு மேல் வைத்து எடுத்துக் கூடுதல் நேரம் கழுவ, நினைப்பவர்கள் வேறு டெவலப்பர் பார்க்கலாம்.

அதனால் 400 ஃபிலிமுக்கு டி-76 என்ற பவுடர் டெவலப்பர் வைத்திருக்கிறேன். ஐடி-11-ம் கிட்டத்தட்ட அதேதான். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5, சோடியம் சல்ஃபைட் 100, போராக்ஸ் 2 என்று அதன் கணக்கு ஊரறிந்தது. கரைத்த பிறகு நிறைந்த பாட்டிலில் ஆறு மாதம் சொல்கிறார்கள், பாதிப் பாட்டிலில் ஒன்றிரண்டு மாதம்தான். என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான். இதில் இன்னொரு விஷயம், நாளாக நாளாகக் காரத்தன்மை ஏறுவதால் பலம் குறைவதற்கு முன்னால் வேகம் கூடவும் செய்யும். மூன்றாவது மாதத்தில் நெகட்டிவ் வழக்கத்தைவிடக் கறுப்பாக, கான்ட்ராஸ்ட் தூக்கலாக வந்தால் நேரத்தைத் தப்பாக வைத்துவிட்டோம் என்று குழம்ப வேண்டாம். பவுடரைப் பிரிக்காமல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும், ஆனால் பழுப்பு ஏறிவிட்டால் தூக்கிப் போடுங்கள். பாக்கெட்டில் பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பதும் வேண்டாம். நாலு பொருளும் பொடிக்குள் சமமாகக் கலந்திருக்காது.

எச்.சி.-110 என்ற டெவலப்பர் பற்றி ஒரு வார்த்தை. அழியாத டெவலப்பர் என்று அதற்குக் கிடைத்த பெயர் பழைய கலவைக்கு உரியது. தேன் மாதிரி கெட்டியான பாகு, அதில் தண்ணீர் மிகவும் குறைவு. 2019-ல் வந்த புதுக் கலவை தண்ணீராக ஓடும். புதுசை வாங்கிவிட்டுப் பழைய பெயரை நம்பி அலமாரியில் மறந்துவிடாதீர்கள்.

எந்த டெவலப்பரானாலும் காற்றுதான் எதிரி. ஒரு லிட்டரைக் கரைத்தவுடன் 250 மில்லி கண்ணாடிப் பாட்டில் நாலில் கழுத்துவரை நிரப்பிவிடுகிறேன். திறந்தால் அந்த ஒன்றுதான் கெடும், மற்ற மூன்றும் புதுசாகவே இருக்கும். பெரிய பாட்டில்தான் இருக்கிறது என்றால் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏற்றலாம். வளைந்து கொடுக்கிற சாதாரண பிளாஸ்டிக் வழியாகக் காற்று மெல்லப் புகும், அமுக்கிச் சுருக்கும் மடிப்புப் பாட்டில்களும் எனக்கு ஒத்துவரவில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் உப்பு படிகமாக இறங்கிவிடும். வெயில் படாத கீழ்த்தட்டு போதும். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயரும் கரைத்த தேதியும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தட்டுக்குப் பூட்டும் வேண்டும்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப் பாத் சுலபம். நிறம் காட்டும் வகை மஞ்சளாக இருந்து ஊதாவுக்குத் திரும்பினால் அதன் வேலை முடிந்தது. சிட்ரிக் அமில வகையில் பூஞ்சை மிதக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை நிலைக்க வைக்கும் கரைசலான ஃபிக்சரில் கைவிரல் நீளத்துக்கு ஃபிலிம் வாலைப் போட்டு, எத்தனை விநாடியில் பால் நிறம் போய்த் தெளிகிறது என்று புதுசாகக் கலந்த அன்றே குறித்துவைப்பேன். அந்த நேரம் இரட்டிப்பானால் கொட்டிவிட வேண்டியதுதான். அடியில் வெளிர் மஞ்சள் பொடி இறங்கி, கந்தக வாடை அடித்தால் சோதிக்கவே வேண்டாம்.

டெவலப்பருக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. பாட்டி ரோலுக்குப் பிறகு ஒரு தடவைகூட இதை நான் விட்டதில்லை. ஃபிலிமை ரீலில் ஏற்றுவதற்கு முன் வெட்டி எறியும் நாக்கு இருக்கிறதே, அதை வெளிச்சத்திலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் கலந்த டெவலப்பருக்குள் பாதி முங்கும்படி பிடிக்கிறேன். நல்ல டெவலப்பர் என்றால் கொஞ்ச நேரத்திலேயே முங்கிய பாதியில் சாம்பல் படரும். பிறகு அது கறுத்துக்கொண்டே போய், வெளியில் நிற்கும் பாதிக்கும் அதற்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். ரோடினால் 1+50-ல் மெதுவாகத்தான் வரும், ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்கப்புறமும் மங்கலான சாம்பலோடு நின்றால் அன்றைக்கு ரோலைத் தொட மாட்டேன்.

போன வாரமும் நாக்கு கன்னங்கரேலென்று கறுத்தது. தொங்கவிட்ட ஃபிலிமில் முதலில் பார்த்தது ஓர எழுத்தைத்தான், நன்றாகவே இருந்தது. பாட்டிலில் இன்னும் 200 மில்லி போல மீதி இருக்கிறது, ரோலுக்கு ஆறு மில்லி என்றால் முப்பது ரோலுக்கு மேல் வரும்.