ஃபயர் ப்ரூஃப் என்று விற்ற பெட்டிக்குள் வெறும் நுரை

வீட்டுப் பத்திரம், சான்றிதழ், நகை எல்லாவற்றையும் வைக்கத் தீ தாங்கும் பெட்டி வாங்கலாம் என்று இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் ஒரு கடையில் பதினான்காயிரத்துச் சொச்சம் கொடுத்து நான் வாங்கிய பெட்டியின் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று பளபளத்தது: ஃபயர் ப்ரூஃப், 2 மணி நேரம். கடைக்காரரும் அதையே வாயால் இரண்டு தடவை சொன்னார். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். இந்த விவகாரத்தில் இப்போது என் கையில் இருக்கும் ஒரே நல்ல விஷயம் அந்தப் பில்தான்.

நல்லவேளை, தீ எதுவும் பிடிக்கவில்லை. மக்கர் செய்தது எண் பூட்டு. பேட்டரி மாற்றியும் திறக்கவில்லை, அவசரச் சாவியும் பாதியில் சிக்கிக்கொண்டது. கடைக்குப் போன் அடித்தால், "டெக்னீஷியன் வருவார் சார்" என்பதோடு சரி. ஆள் வரவே இல்லை. பையனுடைய கல்லூரி சேர்க்கைக்குச் சான்றிதழ் வேண்டியிருந்ததால், தெரிந்த பூட்டுக்காரரை வரவழைத்து ட்ரில் போடச் சொன்னேன். ட்ரில் முனையோடு மஞ்சள் தூளாக ஏதோ உதிர்ந்தது. அவர் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இது சும்மா டபுள் தகரம்ணே. நடுவுல ஃப்ரிட்ஜ் கதவுக்குள்ள அடிக்கிற நுரையைத்தான் அடிச்சிருக்காங்க." உதிர்ந்த துண்டு ஒன்றை வாசலில் வைத்துத் தீக்குச்சி கிழித்தோம். கறுப்புப் புகை விட்டுக்கொண்டு பற்றி எரிந்தது.

கடையில் போய்க் கேட்டபோது முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: ட்ரில் போட்டதால் வாரண்டி போச்சாம். இரண்டாவது பதில்தான் நான் மறக்க முடியாதது. "ஃபயர் ப்ரூஃப்னா பெட்டி எரியாதுன்னு அர்த்தம் சார். இரும்பு எப்படி எரியும்?"

இந்த வியாபாரத்தின் மொத்தத் தந்திரமும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. இரும்பு எரியாதுதான். ஆனால் அது சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். முழுசாகப் பற்றிக்கொண்ட அறையில் சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காகிதமோ இருநூறை நெருங்கும்போதே பழுத்துக் கருக ஆரம்பித்துவிடும். தீயணைப்பு வண்டி வந்து போன பிறகு பெட்டி பெயிண்ட் உரிந்து அப்படியே நிற்கும், உள்ளே பத்திரம் கரியாகியிருக்கும்.

உண்மையான பெட்டியில் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஜிப்சமோ சிமென்ட் போன்ற கலவையோ நிறைத்திருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சூடு ஏறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது தீரும்வரை உள்ளே சூடு ஏறுவது தடைபடும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கெல்லாம் இந்தக் கலவையின் கனத்தைப் பொறுத்ததுதான். அதனால்தான் நல்ல பெட்டி கனக்கும். என்னுடையதை வீட்டுக்காரி ஒருத்தியாகவே மாடிக்குத் தூக்கிப் போனாள்.

சோதனைச் சான்று என்று கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார்கள். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. நிதானமாக வாசித்தால், அது பெட்டிக்கு எடுத்த சோதனையே இல்லை, தகட்டில் பூசிய பெயிண்டுக்கு எடுத்தது! மாடல் எண் எங்கேயும் கிடையாது. "1000 டிகிரி தாங்கும்" என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். அது வெளியே இருக்கும் சூடு. நாம் கேட்க வேண்டியது, வெளியே அவ்வளவு சூடு இருக்கும்போது உள்ளே எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு என்பதை. அமெரிக்காவின் யு.எல். 72 தரத்தில் 'கிளாஸ் 350, ஒரு மணி நேரம்' என்றால், உலை 927 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் அந்த ஒரு மணி நேரச் சோதனையில் உள்ளே 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 177 செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் சின்னப் பெட்டிகளுக்கு இ.என். 15659 என்ற தரம் இருக்கிறது. சான்றில் இப்படி ஒரு தரத்தின் பெயர், வகுப்பு, நேரம், நீங்கள் வாங்கும் அதே மாடல் எண் நான்கும் இல்லையென்றால் அது விளம்பர நோட்டீஸ்தான்.

சான்று உள்ள பெட்டியிலும் எல்லாவற்றையும் போட்டு வைக்க முடியாது. 177 டிகிரி என்பது காகிதத்துக்கான கணக்கு. பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் வகைகளுக்குத் தனி வகுப்பு உண்டு, அதில் வரம்பு 52 டிகிரிதான். கல்யாண வீடியோவைக் காகிதப் பெட்டியில் வைத்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் சான்றிதழ்களை லாமினேட் செய்கிற பழக்கமும் இங்கே உதவாது. 177-க்கு வெகு முன்பே அந்தப் பசை இளகி, தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், அதைப் பற்றிக் கவலை குறைவு. முத்தும் பவளமும் அப்படியில்லை. அப்புறம், ஈரம் கொண்ட கலவை என்பதால் சாதாரண நாளிலேயே உள்ளே புழுக்கம் சேரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது திறந்து காற்றாட விடவேண்டும். தீ அணைந்த கையோடு பெட்டியைத் திறந்துவிடவும் கூடாது. உள்ளே கொதித்துக் கிடக்கும் காகிதம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஆன்லைனில் நூற்றுக்கணக்கில் விற்கிற கண்ணாடி இழைப் பைகளும் இதே ரகம். துணி எரியாது, உண்மைதான். ஒரு பையில் பழைய செய்தித்தாளைப் போட்டுக் கேஸ் அடுப்பில் காட்டினேன். பை கறுத்ததோடு சரி, உள்ளே தாள் பொடிப்பொடியாக வந்தது. சான்றுள்ள பெட்டிக்குள் கூடுதல் உறையாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பத்திரம் எரிந்தால் எல்லாம் போய்விடும் என்று கடைக்காரர் பயமுறுத்துவதிலும் பாதிதான் உண்மை. பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் இருந்தால் அவை செல்லும். மூலப் பத்திரத்துக்கு வங்கி லாக்கர்தான் என் முடிவு. ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் தீயோ திருட்டோ நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. அது பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் நுரைப் பெட்டியை விட மேல்.

என் வழக்கு இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன், கடை அசையவில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். ட்ரில் துளை, உதிர்ந்த நுரை, ஸ்டிக்கர், பெயிண்ட் சான்று எல்லாவற்றையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பில்லில் 'ஃபயர் ப்ரூஃப் 2 மணி' என்று இருப்பதால்தான் வக்கீல் தைரியமாகப் பேசுகிறார். நீங்கள் வாங்கும்போது வெறும் 'லாக்கர்' என்று பில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாடல் எண்ணோடு, எத்தனை மணி என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறாரா, அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.