இழுப்பதா, தட்டுவதா, அலைனிடம் விடுவதா?

திருவொற்றியூரில் தங்கை வீடு. அவள் மகள் பள்ளிக்காகச் சென்னை ரயிலைப் பற்றி பவர்பாயின்ட்டில் ஒரு ஸ்லைடு போட்டிருந்தாள். வரிசையாக நாலு பெட்டி: 1856 ராயபுரம் நிலையம், 1873 சென்ட்ரல், 1931 பீச்-தாம்பரம் மின்ரயில், 2021 விம்கோ நகர் மெட்ரோ. "மாமா, மூணாவது மட்டும் தொங்குது. எவ்வளவு இழுத்தாலும் சரியா வரமாட்டேங்குது" என்றாள்.

அவள் மவுஸால் இழுத்துக்கொண்டிருந்தாள். தூரமாக நகர்த்த அதுதான் வேகம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பெட்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். கிரிட் (ஸ்லைடின் கண்ணுக்குத் தெரியாத கட்டக் கோடுகள்) தன் பக்கம் இழுத்தால் ஆல்ட்டை அழுத்துங்கள், விட்டுவிடும். ஆனால் கடைசி ஒரு மில்லிமீட்டர் கைக்கு அடங்காது. அதிலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரத்து வீடு. கண்டெய்னர் லாரி போனால் மேசையே அதிரும்.

அந்த ஒரு மில்லிமீட்டருக்கு ஏரோ கீதான். கிரிட்டில் ஒட்டும் வசதி ஆனில் இருந்தால் ஒரு தட்டுக்குச் சுமார் 2 மி.மீ. தாவும். கண்ட்ரோலோடு தட்டினால் பொடிப்பொடியாக நகரும். கூகுள் ஸ்லைட்ஸில் இதே வேலைக்கு ஷிஃப்ட், லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரஸில் ஆல்ட். இங்கேதான் வம்பு. பவர்பாயின்ட்டில் ஷிஃப்டோடு ஏரோவைத் தட்டினால் பெட்டி நகராது, அளவு மாறும். பள்ளியில் கூகுள் ஸ்லைட்ஸில் பழகிய கை, இழுத்தது போக ஷிஃப்டோடு ஏரோவையும் தட்டியிருக்கிறது. மூணாவது பெட்டி தொங்கவில்லை, வளர்ந்திருந்தது.

முதலில் நாலையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஷேப் ஃபார்மட்டில் ஒரே உயரத்தை டைப் செய்தோம். அப்புறம் பெட்டிகளைத் தானே வரிசைப்படுத்தும் அலைன் மெனு. என் ஓட்டு இதற்குத்தான்: ஒரே பெட்டி என்றால் ஏரோ கீ போதும், இரண்டைத் தாண்டினால் கண்ணை நம்பவே கூடாது. அலைன் டாப், நாலின் மேல்விளிம்பையும் ஒன்றாக்கும். டிஸ்ட்ரிப்யூட் ஹரிசான்ட்டலி, இரு ஓரத்துப் பெட்டிகளை அசைக்காமல் இடைவெளிகளைச் சமமாக்கும்.

அலைன் டாப்பைத் தட்டியதும் நாலும் பறந்துபோய்த் தலைப்பின் மேல் உட்கார்ந்தன. "ஐயோ மாமா!" மெனுவில் 'அலைன் டு ஸ்லைடு', அதாவது ஸ்லைடின் விளிம்போடு சேர், டிக்காகி இருந்திருக்கிறது. கண்ட்ரோல் இசட் அடித்து, 'அலைன் செலக்டட் ஆப்ஜெக்ட்ஸ்' என்று மாற்றினோம். இரண்டே கிளிக். அடுத்த லாரி வருவதற்குள் முடிந்துவிட்டது.